அப்பல்லோவைப் பார்க்க எங்கே போவது: டெலோஸ், டெல்ஃபி, பாஸே, டிடிமா

கிரேக்கத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ஏதென்ஸுக்கு இரண்டு நாள் போக, இன்னும் இரண்டு மூன்று நாள் கையில் இருக்கிறது. அப்பல்லோ கோயில் ஒன்றைப் பார்க்க வேண்டும். டெல்ஃபிக்குப் போகவா, டெலோஸுக்குப் போகவா?" பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள். பாஸே, டிடிமா என்று இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. சிலருக்கு அவைதான் சரியாக அமையும்.

இடங்களுக்குப் போகும் முன் தெய்வத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பல்லோ என்றால் சூரியக் கடவுள் என்று எங்கோ படித்த ஞாபகம் பலருக்கும் இருக்கும். ஹோமரின் காவியங்களில் சூரியனுக்கு ஹீலியோஸ் என்று தனித் தெய்வம் உண்டு. அப்பல்லோவையும் அவனையும் ஒன்றாகப் பார்த்தது பின்னால் வந்த வழக்கம். தெய்வங்களின் அரசன் ஸீயஸுக்கும் லீட்டோவுக்கும் பிறந்தவன் அப்பல்லோ, வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸின் இரட்டைச் சகோதரன். அவன் கையில் இருப்பவை வில்லும் யாழும். வில்லால் கொள்ளைநோயை எய்வான், எய்த நோயை அவனே நீக்குவான். அருள்வாக்குச் சொல்வான். கொலை செய்தவனுக்குத் தீட்டுக் கழிப்பான், அந்தத் தீட்டு அவனுக்கே ஒருமுறை வந்தது. இத்தனையையும் ஒரே கோயிலில் பார்க்க முடியாது. ஒவ்வோர் ஊரும் அவனுடைய ஒரு முகத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். அந்த இடத்தில் எந்த அப்பல்லோ இருக்கிறான் என்பது முதலாவது. அடுத்தது, கண்ணால் பார்க்க என்ன மிஞ்சியிருக்கிறது என்பது. கிரேக்கத்துச் சிலைகளும் சிற்பங்களும் லண்டன், வெனிஸ், இஸ்தான்புல் என்று பிரிந்து கிடப்பதால் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. மூன்றாவது போய்வரும் பாடு: நேரம், விசா, காற்று, மேடு.

நான்காவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: கதை தெரியாமல் போனால் அந்த இடம் உங்களிடம் பேசுமா? சில இடங்கள் தானாகவே பேசும். சில இடங்களில் கதை தெரியாதவருக்குத் தெரிவது வெயிலும் கல்லும்தான்.

## டெலோஸ்: பிறந்த தீவு

கர்ப்பிணியான லீட்டோவுக்கு எந்த நாடும் இடம் கொடுக்கவில்லை. ஸீயஸின் மனைவி ஹீராவின் கோபத்துக்கு எல்லோரும் பயந்தார்கள். கடைசியில் ஒன்றும் விளையாத இந்தப் பாறைத் தீவு ஒப்புக்கொண்டது. அதற்கும் ஒரு பயம் இருந்தது: பிறக்கப்போகிறவன் இந்த வறண்ட மண்ணைப் பார்த்ததும் வெறுத்து, காலால் உதைத்துக் கடலுக்குள் அமுக்கிவிட்டால்? முதல் கோயில் இங்கேதான் எழும் என்று லீட்டோ பாதாளத்தில் ஓடும் ஸ்டிக்ஸ் நதியின் மேல் ஆணையிட்டுச் சொன்ன பிறகுதான் தீவு சரி என்றது. ஒன்பது நாள், ஒன்பது இரவு பிரசவ வேதனை. பிரசவத் தெய்வமான ஐலித்தியாவை ஹீரா மேலே பிடித்து வைத்திருந்தாள். மற்றத் தெய்வப் பெண்கள் ஒன்பது முழப் பொன் ஆரம் தருவதாகச் சொல்லி அவளை இறக்கிக் கொண்டுவந்தார்கள். லீட்டோ ஒரு பேரீச்சை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, புல்லில் முழங்காலை ஊன்றிப் பெற்றாள். அன்னப்பறவைகள் தீவை ஏழுமுறை சுற்றிப் பாடியதாகவும் அதனால்தான் அவன் யாழுக்கு ஏழு நரம்பு என்றும் பின்னால் ஒரு கவிஞர் பாடினார்.

பிறந்த இடம் என்பதால் அதன் தூய்மையைக் காப்பது ஓர் அரசியலாகவே ஆனது. கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் தீவில் இருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டி எடுத்து அப்புறப்படுத்தினார்கள். இனி டெலோஸில் யாரும் பிறக்கக்கூடாது, சாகவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பிரசவம் நெருங்கிய பெண்களையும் சாகக் கிடப்பவர்களையும் எதிரே உள்ள ரீனியா தீவுக்குப் படகில் ஏற்றினார்கள். பிறப்புத் தீட்டு, இறப்புத் தீட்டு என்ற இரண்டையும் சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பிரசவத்தால் புனிதமான மண்ணில் பிரசவத்துக்கே தடை வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

ஏதென்ஸிலிருந்து ஆண்டுதோறும் டெலோஸுக்கு ஒரு புனிதக் கப்பல் போகும். அது திரும்பும்வரை நகரத்தில் மரண தண்டனை நிறைவேற்றக்கூடாது. கி.மு. 399இல் சாக்ரட்டீஸுக்குத் தீர்ப்பான பிறகும் பல நாள் சிறையில் உயிரோடு இருந்தது இந்தக் கப்பலால்தான்.

மிஞ்சியிருப்பது என்ன? நாக்ஸோஸ் தீவுக்காரர்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்த பளிங்குச் சிங்கங்கள். வெளியே நிற்பவை நகல்கள், அசல் அருங்காட்சியகத்துக்குள். ஒரு சிங்கம் வெனிஸ் வரை போய்விட்டது. அன்னங்கள் நீந்திய புனிதக் குளத்தை மலேரியா பயத்தால் 1920களில் வற்றவைத்தார்கள். வட்டமான அந்தக் காய்ந்த பள்ளத்தின் நடுவே ஒரு பேரீச்சை மரத்தை நட்டு வைத்திருக்கிறார்கள். கோயிலின் அடித்தளம் மட்டுமே இருக்கிறது. உண்மையில் அங்கே அதிகம் நிற்பது பின்னால் வந்த வணிக நகரத்தின் வீடுகளும் தரைச் சித்திரங்களும். ரோமானியர் காலத்தில் சுங்கமில்லாத் துறைமுகமாகி, ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி விற்றனுப்பும் சந்தையாக இருந்தது என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

ஆக, டெலோஸில் அப்பல்லோ கதையில்தான் இருக்கிறான், கல்லில் குறைவு. கதை தெரிந்தவருக்கு அந்த ஒற்றைப் பேரீச்சை போதும். தெரியாதவர் தங்கும் இடத்துக்குத் திரும்பி "வெறும் இடிபாடு" என்பார்.

## டெல்ஃபி: வாக்குச் சொன்ன மலை

பர்னாசஸ் மலையின் சரிவில், பாறைகளுக்கு நடுவே ஒரு ஊற்று. அங்கே பைதான் என்ற பெரும்பாம்பு இருந்தது. அப்பல்லோ அதை அம்பெய்து கொன்று இடத்தை எடுத்துக்கொண்டான். கொன்றது பாம்பே ஆனாலும் தீட்டு தீட்டுதான். வடக்கே டெம்பி பள்ளத்தாக்குக்குப் போய்த் தீட்டுக் கழித்து, லாரல் மாலை சூடித் திரும்பினான் என்பார்கள். (லாரல் என்பது ஐரோப்பியச் சமையலில் வாசனைக்குப் போடும் இலை. நம் பிரியாணி இலை வேறு மரம்.) பூசாரிகள் வேண்டுமே? டால்ஃபினாக மாறிக் கடலில் போன ஒரு கிரீட் கப்பலுக்குள் குதித்து, அதைத் திருப்பிக்கொண்டு வந்து, அதில் இருந்த வணிகர்களையே பூசாரிகளாக்கினான்.

வாக்குச் சொன்னது பிதியா என்ற பெண். முக்காலியில் உட்கார்ந்து, அப்பல்லோ தன்னுள் இறங்கியவளாகப் பேசினாள். மாதத்தில் ஒரு நாள், ஏழாம் நாள், வாக்கு நாள். குளிர்கால மூன்று மாதம் அப்பல்லோ வடக்கே போய்விடுவான், அப்போது கோயில் மதுத் தெய்வமான டயோனிசஸுக்கு. வாக்குக் கேட்கும் முன் ஓர் ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். உடல் முழுக்க, குளம்பு வரை அது நடுங்கி உதற வேண்டும். உதறினால் தெய்வம் சம்மதித்தது என்று பொருள், இல்லாவிட்டால் அன்று வாக்கு இல்லை. டெல்ஃபியில் பூசாரியாகவே இருந்த புளூடார்க் இதை எழுதியிருக்கிறார். நம் ஊர்க் கோயில் கொடையில் ஆட்டுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு "உத்தரவு கொடு ஆத்தா" என்று கூட்டமே மூச்சடக்கி நிற்பதைப் பார்த்தவர்கள் அந்தப் பத்தியைச் சட்டென்று தாண்டிப் போக முடியாது.

வாக்குத் தலங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நமக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியா நாட்டின் அரசன் குரோசஸ் பல தலங்களுக்கும் ஒரே நேரத்தில் ஆளனுப்பினான், டெல்ஃபியும் டிடிமாவும் அந்தப் பட்டியலில் உண்டு. நூறாவது நாள் அரசன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று கேட்கச் சொன்னான். அன்று அவன் ஆமைக் கறியையும் ஆட்டுக்குட்டிக் கறியையும் வெண்கல மூடி போட்ட வெண்கலப் பானையில் சமைத்தான். டெல்ஃபி அதை அப்படியே சொன்னது என்கிறார் பழைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அப்புறம் பாரசீகத்தின் மேல் போருக்குப் போகலாமா என்று கேட்டான். போனால் ஒரு பெரும் பேரரசை அழிப்பாய் என்று பதில் வந்தது. அழிந்தது அவனுடைய பேரரசு.

இன்று பார்க்கக் கிடைப்பது நான்கு இடங்களிலும் இங்கேதான் அதிகம். கோயிலின் சில தூண்களை மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஏதென்ஸ்காரர்களின் காணிக்கைக் கருவூலம், அரங்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஓட்டப்பந்தயத் திடல். இங்கே நடந்த பிதியன் போட்டிகளில் பாட்டும் இசையும்தான் முதலில் வந்தவை, பரிசு லாரல் முடி. கருவூலச் சுவரில் அப்பல்லோவைப் பாடும் இரண்டு துதிகளை வரிகளுக்கு மேலே இசைக்குறியோடு வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கற்கள் இப்போது அருங்காட்சியகத்தில்.

அருங்காட்சியகத்தில் எல்லோரும் வெண்கலத் தேரோட்டிச் சிலையின் முன்னே கூடி நிற்பார்கள். நிற்க வேண்டியதுதான். ஆனால் அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் சிறிய கிண்ணம் ஒன்று இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதைத் தவறவிடாதீர்கள். வெள்ளைத் தளத்தில் அப்பல்லோ உட்கார்ந்திருக்கிறான். தலையில் இலைமுடி, இடக்கையில் ஆமையோட்டு யாழ், வலக்கையால் கிண்ணத்திலிருந்து மதுவைத் தரையில் வார்க்கிறான். எதிரே ஒரு கறுப்புப் பறவை அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது அண்டங்காக்கை என்றால் அதற்கும் கதை உண்டு. அப்பல்லோவின் பிள்ளையைச் சுமந்த கோரோனிஸ் வேறொருவனோடு இருக்கிறாள் என்று அப்போது வெள்ளையாக இருந்த காக்கை வந்து சொன்னது. சொன்ன வாயையே சபித்துக் கறுப்பாக்கினான். அவள் மாண்ட பிறகு சிதையிலிருந்து பிள்ளையை எடுத்தான். அந்தப் பிள்ளைதான் வைத்தியத் தெய்வமான அஸ்கிளீபியஸ். கோபம், இசை, துக்கம் மூன்றும் அந்தக் கிண்ணத்தின் அமைதிக்குள் இருக்கின்றன.

குறை என்று சொன்னால் கூட்டம். ஏதென்ஸிலிருந்து காலையில் புறப்படும் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் முற்பகலில் ஒரே நேரத்தில் வந்து சேரும். பாதை முழுக்க ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்கள் மேல் திடல் வரை ஏற யோசிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரே வழி ஊரில் ஓர் இரவு தங்குவது. காலை திறக்கும்போது நுழைந்துவிட்டால், பேருந்துகள் வரும் முன் அந்தப் பள்ளத்தாக்கு உங்களுக்கு மட்டும் கிடைக்கும்.

## பாஸே: காப்பாற்றியவன்

ஹோமரின் இலியட் காவியத்தில் கதை நகரத் தொடங்குவதே அப்பல்லோவின் கோபத்தில்தான். அவனுடைய பூசாரியைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அவமதித்தான். அப்பல்லோ இரவைப் போல இறங்கினான் என்கிறார் ஹோமர். முதலில் கோவேறு கழுதைகள், நாய்கள், பிறகு மனிதர்கள். ஒன்பது நாள் அம்பு விழுந்தது, சிதைகள் எரிந்துகொண்டே இருந்தன. அனுப்பியவனால்தான் நிறுத்த முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ உறுதிமொழியும் வைத்தியனான அப்பல்லோவின் மேல் ஆணையாகத்தான் தொடங்குகிறது.

ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலோப்பொனேசியப் போர்க் காலத்துக் கொள்ளைநோயிலிருந்து காத்ததற்காக ஃபிகாலியா ஊர்க்காரர்கள் 'எபிகூரியோஸ்', அதாவது உதவிக்கு வந்தவன், என்ற பெயரில் அப்பல்லோவுக்குக் கட்டியது பாஸே கோயில் என்று பழங்காலப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதினார். கட்டியவர் ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலோடு பெயர் சேர்ந்த இக்டினோஸ் என்பதும் அவர் சொன்னதே. ஏறக்குறைய 1,130 மீட்டர் உயரத்தில், தென் கிரேக்கத்தில் ஊரே இல்லாத மலையில், உள்ளூர்ச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லில் நிற்கிறது. பெரும்பாலான கிரேக்கக் கோயில்கள் கிழக்கு நோக்கியவை, இது வடக்கு நோக்கியது. தூண்களில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. 1986இல் கிரேக்கத்திலிருந்து முதன்முதலாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் இதுதான்.

இங்கே மறைந்திருக்கும் விலையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1987 முதல் கோயில் முழுவதும் ஒரு பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குள் இருக்கிறது. மழையும் பனியும் கல்லை அரிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. மலையையும் கோயிலையும் சேர்த்து ஒரு படம் எடுக்கும் ஆசை நடக்காது. உள்ளே ஓடிய சிற்பப் பட்டையின் 23 பலகைகளும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். அப்பல்லோவின் 12 அடி வெண்கலச் சிலையை அந்தக் காலத்திலேயே மெகலோபோலிஸ் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் கூடாரத்துக்குள் நுழைந்து தூண்களுக்கு நடுவே நின்றால், துணியில் காற்று அடிக்கும் சத்தம் தவிர வேறொன்றும் இருக்காது. அந்த மலைக்காரர்கள் இவ்வளவு உயரத்துக்குக் கல் சுமந்த நன்றி மட்டும் அங்கே நிற்கிறது. கொரோனா ஆண்டுகளில் வீட்டில் யாரையாவது இழந்தவர்கள், அல்லது இழக்காமல் தப்பியவர்கள், இந்தக் கோயிலைப் பற்றிக் கேட்டால் நான் மறுபேச்சில்லாமல் போகச் சொல்வேன்.

## டிடிமா: முடியாத கோயில்

இது இன்றைய துருக்கியில், பழைய மிலேட்டஸ் நகரத்துக்குத் தெற்கே. அப்பல்லோ பிராங்கோஸ் என்ற இடையனின் மேல் அன்பு வைத்து அவனுக்குக் குறி சொல்லும் வரம் கொடுத்தான், அவன் வழிவந்தவர்கள் கோயிலை நடத்தினார்கள். பாரசீகர்கள் கி.மு. 494இல் எரித்தார்கள். வற்றிப்போன ஊற்று அலெக்சாண்டர் வந்தபோது மறுபடி சுரந்தது என்று ஒரு கதை. அதன் பிறகு எழுப்பத் தொடங்கிய கோயிலைப் பல நூற்றாண்டு கட்டியும் முடிக்கவில்லை.

ஏறக்குறைய 20 மீட்டர் உயரத் தூண்கள். மூன்றுதான் முழுதாக நிற்கின்றன. இரண்டு குறுகிய இருட்டுச் சரிவுப் பாதைகள் வழியாக இறங்கினால், திடீரென்று வானம் திறந்த பெரிய முற்றம். கோயிலுக்குள் கூரையில்லாத ஒரு தோப்பும் ஊற்றும் குட்டிக் கோயிலும் இருந்த இடம் அது. அந்த முற்றத்துச் சுவர்களைச் சாய்ந்த வெயிலில் பார்த்தால் முடியளவு மெல்லிய கீறல்கள் தெரியும். கட்டியவர்கள் வரைந்துகொண்ட வரைபடங்கள் அவை: தூணின் அளவு, அடிப்பீடத்தின் வளைவு. கடைசியில் சுவரைத் தேய்த்து மெருகேற்றும்போது அழிந்திருக்க வேண்டியவை. வேலை முடியவில்லை, கீறல்கள் தப்பின. 1979இல்தான் ஓர் ஆய்வாளர் கண்ணில் பட்டன. கட்டடக்கலை படித்தவர்களுக்கு மற்ற மூன்றையும்விட இதைத்தான் சொல்வேன்.

கதை தெரியாதவர்களையும் இந்த இடம் அளவாலேயே அசத்திவிடும். அப்பல்லோவை அறிய வேண்டும் என்று வந்தவருக்குத்தான் சற்றுக் குறைவாகக் கிடைக்கும்.

## போய்வரும் பாடு

| இடம் | எப்படிப் போவது | குறைந்தபட்ச நேரம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| டெலோஸ் | மிக்கோனோஸ் தீவிலிருந்து அரை மணி நேரப் படகு | ஏதென்ஸிலிருந்து ஓர் இரவு | தீவில் தங்க அனுமதியில்லை, நிழல் இல்லை, ஜூலை, ஆகஸ்ட் காற்றில் படகு நிற்கலாம், மிக்கோனோஸ் விடுதி வாடகை அதிகம் |
| டெல்ஃபி | ஏதென்ஸிலிருந்து சுமார் 180 கி.மீ., பேருந்தில் 3 மணி நேரம் | ஒரு நாள். தங்கினால் நல்லது | ஏற்றம், முற்பகல் கூட்டம், குளிர்காலத்தில் கடுங்குளிர் |
| பாஸே | கார்தான். பக்கத்து ஊர் ஆண்ட்ரிட்சேனா 14 கி.மீ. | ஒலிம்பியாவோடு சேர்த்து 2 நாள் | சர்வதேச ஓட்டுநர் அனுமதி, மலை வளைவுகள், கூடாரம் |
| டிடிமா | இஸ்மிர் அல்லது போட்ரும் வழி | மிலேட்டஸோடு சேர்த்து ஒரு நாள் | துருக்கி விசா தனி |

விசா விஷயத்தில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு முறை நுழையும் ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு கிரேக்கத்திலிருந்து டிடிமாவுக்குப் போனால், திரும்ப ஏதென்ஸுக்குள் நுழைய முடியாது. ஊருக்குத் திரும்பும் விமானம் ஏதென்ஸிலிருந்து என்றால் சிக்கல்தான். பல முறை நுழையும் விசா கிடைத்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிடிமாவை ஒரு தனித் துருக்கிப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாஸேக்கு வேண்டிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். அங்கே போய் வாங்க வழியில்லை.

## யாருக்கு எது

முதல் முறை போகிறீர்கள், ஒன்றுதான் முடியும் என்றால் டெல்ஃபி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. குழந்தைகளோடு போனாலும் இதுதான், பாம்பு, பிதியா, தேரோட்டி என்று காட்டிக்கொண்டே ஏறலாம். வயதான அப்பா அம்மாவோடு போனால் அருங்காட்சியகத்தையும் கோயில் வரை உள்ள ஏற்றத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்கோனோஸுக்கு எப்படியும் போகிறவர்கள் டெலோஸை விட்டுவிட்டு வருவது பெரிய இழப்பு. காலை முதல் படகு, தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர். ஆனால் டெலோஸுக்காக மட்டும் ஏதென்ஸிலிருந்து கப்பல் ஏறுவது ஏற்கெனவே டெல்ஃபியைப் பார்த்துவிட்டவர்களுக்குத்தான் நியாயமாகும். கார் ஓட்டத் தெரிந்தவர்கள், ஒலிம்பியா பக்கம் போகிறவர்கள், கூட்டம் பிடிக்காதவர்கள் பாஸேக்குப் போகலாம். மாதம் எதுவானாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர்.

இன்னும் முடிவு வரவில்லையா? ஹோமரின் பெயரில் வழங்கும் அப்பல்லோ துதி ஒன்று இருக்கிறது, 546 வரிகள். மொழிபெயர்ப்பில் ஒரு மணி நேரத்துக்குள் படித்துவிடலாம். முதல் பகுதி டெலோஸ், பின்பகுதி டெல்ஃபி. லீட்டோ மரத்தைக் கட்டிப்பிடிக்கும் இடத்தில் மனம் நின்றுவிட்டால் படகுக்குப் பதிவு செய்யுங்கள். பாம்பையும் கிரீட் கப்பலையும் தாண்டி மலையேறும் இடம் வரை விடாமல் இழுத்துக்கொண்டு போனால் டெல்ஃபிப் பேருந்து.